ஆதிக்கக் கண்

உரிமம் வரப் பதினான்கு மாதம்.
சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில்
எந்த மின்விசிறி சுற்றும், எது முனகும் என்று
இப்போது எனக்கு அத்துப்படி.
"யார் பேர்ல? வீட்டுக்காரர் பேர்லயா?"
ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்வி.
என் பேரில்.
எஸ்தர் கிருபாவதி, வயது நாற்பத்தொன்று,
தோட்டப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை.
காரணம் என்ற கட்டத்தில் 'விளையாட்டு' என்று எழுதியிருந்தேன்.
குமாஸ்தா அந்த ஒரு சொல்லை
ரொம்ப நேரம் படித்தார்.

பெட்டியைப் பிரித்தபோது
தயாளன் சோற்றுக் கையோடு வந்து நின்றார்.
கறுப்பு. உடம்பெல்லாம் துளை.
பேருக்கும் ஒரு விரற்கடை மரம் கிடையாது.
மேலே தண்டவாளம் மாதிரி பல்வரிசை,
இழுத்தால் நீளும் பின்கட்டை,
காட்பாடியில் நள்ளிரவு நிற்கும்
ராணுவ ரயிலிலிருந்து வழிதவறி இறங்கியது போல.
"எந்த எல்லைக்கு டூட்டி?"
ஒரு தோட்டாவை எடுத்து அவர் தட்டருகே வைத்தேன்.
பெரிய நிலக்கடலைத் தோல் ஒன்று போதும்,
அதற்குள் ஒளித்துவிடலாம்.
அவர் குனிந்து பார்த்தார்.
"இதுக்கா இவ்வளவு மீசை?"

கிளப், பாறைக் குன்றின் அடியில்.
காலை எட்டு மணிக்கே பாறை கொதிக்கும்.
ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு தாள்.
சுட்டேன்.
தோளில் கன்றுக்குட்டி மூக்கை வைத்து எடுத்தது போல,
அவ்வளவுதான் உதை.
பத்தில் ஏழு தாளிலேயே இல்லை.
பக்கத்துப் பாயில் படுத்திருந்த இன்ஜினியரிங் பையன்
தன் தாளில் ஓர் ஓட்டை கூடுதலாக இருப்பதாகச் சொன்னான்,
மரியாதையாகத்தான்.

மலிவுத் தோட்டா வாங்கியது என் தப்பு.
இந்த வகைக்கு மருந்து நடுவில் இல்லை,
விளிம்பில்.
ஊசி விளிம்பைக் கடித்தும்
சில தோட்டாக்கள் பதில் சொல்லாது.
குழலை மண்மேட்டைப் பார்த்தே வைத்து
முப்பது எண்ண வேண்டும்.
பதினொன்றில் ஓர் ஓணான் மேட்டில் ஏறியது.
இருபத்தாறில் இறங்கியது.
முப்பது.
போல்ட்டை இழுத்தேன்;
சின்னப் பல்தடத்தோடு வந்து விழுந்தது,
வாயே திறக்காமல்.

இரண்டாவது வாரம்,
துப்பாக்கியைக் குறை சொல்லி முடித்து
தொலைநோக்கியைக் குறை சொல்லி முடித்து
வெயிலைச் சொல்லத் தொடங்கும்போது,
இருபது வருடமாக
ஊரார் கண்ணை ஒவ்வொன்றாக மூடி
"இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டவளுக்கு
ஒன்று உறைத்தது.
இரண்டு கையையும் சேர்த்து நடுவில் துவாரம் விட்டு
தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.
வலக்கண்ணை மூடினேன். தொட்டி இருந்தது.
இடக்கண்ணை மூடினேன்.
தொட்டியைக் காணோம்.

வலக்கை எழுதும், சமைக்கும், பணம் எண்ணும்;
இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது இடது.
கடையில் சொன்னால் வியாபாரம் கெடும்.

தோள் மாற்றினேன்.
கண் இடப்பக்கம், போல்ட் வலப்பக்கம்,
ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் கை எட்டி
அடுத்த வீட்டுத் தாழ்ப்பாளைத் திறப்பது போல.
ஆனாலும் ஓட்டைகள் கூடி வந்தன:
முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவு,
பிறகு இலவம்பாடிக் கத்தரிக்காய் அளவு.
காலித் தோட்டாக்களை எண்ணி நோட்டில் எழுதும்போது
சூடு இன்னும் இருந்தது விரலில்.

அப்போது வந்தது தேர்தல்.
உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு.
ஏட்டு மாசிலாமணி பெட்டியைத் திறந்து
ஒரு அடி பின்னால் போனார்.
"மெஷின் கன்னா மேடம்?"
கடலைத் தோல் கதையை மறுபடி சொன்னேன்.
கோணி நூலில் அட்டை கட்டி,
காட்டுப்பன்றி விரட்டிய இரட்டைக் குழல்களுக்கு நடுவே
சாத்தி வைத்தார்.
புதுமணப்பெண் மாதிரி பளபளத்தது, பாவம்.
ரசீதைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து
நம்பர் எழுதினார். எட்டு, மூன்றாகியிருந்தது.
திருத்தச் சொன்னேன்.
கடைக்கு வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தார், சீருடையில்லாமல்.
"பத்திரமா இருக்கு மேடம்,
நேத்து துணி போட்டு மூடினேன்."
ஒன்றேகால் பவர், படிக்க மட்டும்.
பில் போடும் முன்
கைகளால் துவாரம் செய்து
எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அவருக்கு வலது.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.